அத்தியாயம் 6: தையல் வரிசையைக் குழுவாக மாற்றுதல்

முப்பது பேரிலிருந்து நூற்றைம்பது பேர் வரை வேலை பார்க்கும் பனியன் கம்பெனியை நடத்துகிறவர்களுக்கும், அங்கே புரொடக்‌ஷன் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

உங்கள் தளத்தில் இப்போது டைலர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஷோல்டர் அடிப்பார், அடுத்தவர் கழுத்து ரிப் வைப்பார், அதற்கடுத்தவர் கை ஏற்றுவார். பண்டல் ஒவ்வொருவர் பக்கத்திலும் குவிந்து, கட்டுக் கட்டாக நகரும். ஒரே ஸ்டைலில் 50 ஆயிரம் பீஸ் தைத்த காலத்துக்கு இந்த முறை பொருத்தமாக இருந்தது. இன்று 3 ஆயிரம் பீஸ் ஆர்டர், அதிலும் நாலு கலர், வாரத்துக்கு இரண்டு ஸ்டைல் என்று வருகிறது. ஸ்டைல் மாறும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருப்பவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பின்னால் இருப்பவருக்கு வேலையே இல்லை. தப்பு கண்ணில் படுவது செக்கிங் மேஜையில். அதற்குள் 200 பீஸ் அதே தப்போடு வந்துவிட்டிருக்கும்.

இங்கே சொல்லப்போகும் மாற்றம் இதுதான்: 12 பேர் கொண்ட ஒரு குழு, வெட்டிய துணியை வாங்கி, செக்கிங் முடிந்த முழு பீஸாகத் திருப்பித் தரும். நடுவில் யார் எந்த மெஷினில் உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு குழுவோடு தொடங்குங்கள். முழுத் தளத்தையும் ஒரே நாளில் மாற்ற ஆசைப்பட்டால் ஷிப்மெண்ட் தவறும், பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்க விடமாட்டார்கள்.

இது புதிதல்ல

நம் நாட்டு மில்லிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளைப் போட்ட பிறகும் எதிர்பார்த்த அளவு உற்பத்தி கூடவில்லை, துணியில் சேதமும் குறையவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கே வந்து பார்த்தார். அறுந்த நூலை முடிய ஒருவர், எண்ணெய் விட ஒருவர், பழுது பார்க்க ஒருவர் என்று வேலை துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளைப் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தறித் தொகுதிக்கும் முழுப் பொறுப்பாளி இல்லை. குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்று ரைஸ் யோசனை சொன்னதும், தொழிலாளர்களும் சூப்பர்வைசர்களும் தாங்களே கூடிப் பேசிக் குழுக்களைப் பிரித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் சில வாரத் தடுமாற்றம் இருந்தது. பிறகு உற்பத்தி ஏறியது, சேதம் இறங்கியது.

இந்த அத்தியாயத்துக்குத் தேவையான கோட்பாடு இவ்வளவுதான். ஒரு முழு வேலை, அதன் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய, ஒரு சிறு கூட்டத்தின் கையில் இருக்க வேண்டும். இதைக் கொடுக்காமல் டீ-சர்ட்டில் குழுப் பெயர் அச்சடித்துக் கொடுத்தாலும், ஓட்டலில் விருந்து வைத்தாலும், திங்கட்கிழமை காலையில் அதே பண்டல்தான் குவியும்.

படி 1: இரண்டு வாரம் எண்ணுங்கள்

மாற்றத்துக்கு முன் இருந்த நிலை எழுத்தில் இல்லாவிட்டால், பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சாதாரண நோட்டில், தினமும், எந்த வரிசையை மாற்றப் போகிறீர்களோ அந்த வரிசைக்கு மட்டும் நான்கைக் குறியுங்கள்:

1. செக்கிங் தாண்டிய நல்ல பீஸ் எத்தனை.
2. பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தவை எத்தனை.
3. வராத ஆட்கள் எத்தனை பேர்.
4. ஸ்டைல் மாறிய நாளில், பழைய ஸ்டைலின் கடைசி நல்ல பீஸுக்கும் புதிய ஸ்டைலின் முதல் நல்ல பீஸுக்கும் நடுவே போன நேரம்.

நான்காவதுதான் முக்கியம். முதலாளிகள் பெரும்பாலும் இதை ஒரு மணி நேரம் என்று நினைத்திருப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் அரை நாளுக்கு மேல் வருவதை நான் பல தளங்களில் கண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு கணக்கு. ஒரு பீஸுக்கு எல்லாத் தையலும் சேர்த்து 8 நிமிட வேலை என்று வையுங்கள். 12 பேர், எட்டு மணி ஷிப்ட், அதாவது 5,760 நிமிடம். ஒரு நொடியும் வீணாகாவிட்டால் 720 பீஸ். உங்கள் நோட்டில் 360 இருந்தால் பாதி நேரம் எங்கோ போகிறது. அது டைலரின் சோம்பல் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். காத்திருந்தது, தேடியது, பிரித்தது, நூல் மாற்றியது எல்லாம் அந்தப் பாதிக்குள் இருக்கின்றன.

படி 2: கூலிப் பேச்சை முதலில் முடியுங்கள்

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். "குழு" என்ற சொல்லைக் கேட்டதும் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலரின் மனசில் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இதுல எங்காசு குறையுமாங்க?" நியாயமான கேள்வி. வேகமாகத் தைப்பவர் தன் வேகத்தில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார். இனி பன்னிரண்டு பேரின் வேகத்தில் அவர் காசு நிற்கப் போகிறது. "போகப் போகப் பார்க்கலாம்" என்று பதில் சொன்னால், அவர் அடுத்த வாரம் அடுத்த தெரு கம்பெனியில் இருப்பார்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு:

1. முதல் எட்டு வாரத்துக்கு, ஒவ்வொருவரும் கடந்த மூன்று மாதத்தில் வாங்கிய சராசரிக்குக் குறையாமல் கொடுப்பதாக எழுத்தில் தாருங்கள். குழு குறைவாகத் தைத்தாலும் அந்தத் தொகை குறையக் கூடாது.
2. நோட்டில் உள்ள பழைய சராசரியைத் தாண்டி வரும் ஒவ்வொரு நல்ல பீஸுக்கும் ஒரு தொகையைக் குழுவுக்கு ஒதுக்குங்கள். கணக்குக்காக: பழைய சராசரி 360, இன்று 450, கூடுதல் 90. ஒரு பீஸுக்கு மொத்தத் தையல் கூலி 20 ரூபாய் விழுகிறது என்றால், கூடுதல் பீஸுக்கு 12 ரூபாயாவது குழுவுக்குப் போகட்டும். 1,080 ரூபாய், ஆளுக்கு 90.
3. அதைச் சமமாகப் பிரியுங்கள். திறமைக்கான வித்தியாசம் அடிப்படைச் சம்பளத்தில் இருக்கட்டும்.
4. சனிக்கிழமை கூலியோடு, தனி வரியாகக் காட்டிக் கொடுங்கள்.

பழைய சராசரியைத் தாண்டியதும் "இனி 450-தான் அடிப்படை" என்று கோட்டை உயர்த்தும் ஆசை வரும். ஒரு வருடத்துக்குத் தொடமாட்டோம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோட்டை ஒருமுறை உயர்த்திய தளத்தில், அதன் பிறகு எந்தக் குழுவும் கோட்டுக்கு மேல் பத்து பீஸுக்கு அதிகமாகத் தைத்து நான் பார்த்ததில்லை.

எச்சரிக்கை: கூடுதல் பீஸ் எட்டு மணி நேரத்துக்குள் வரவேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டி எண்ணிக்கையைக் காட்டினால் அது குழுவின் வெற்றியல்ல. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி உண்டு. அதை இந்த ஊக்கத்தொகையோடு கலக்காதீர்கள்.

படி 3: யாருக்கு என்ன தெரியும் என்று வரையுங்கள்

ஒரு சார்ட் அட்டை எடுங்கள். இடப்பக்கம் பெயர்கள். மேலே ஆபரேஷன்கள்: ஷோல்டர், கழுத்து ரிப், கை மடிப்பு, கை ஏற்றுதல், சைடு, பாட்டம் மடிப்பு, லேபிள், பிசிறு வெட்டுதல், செக்கிங். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். தெரியாது என்றால் வெறும் வட்டம். பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார் என்றால் கால்வாசி நிரப்புங்கள். தனியாகச் செய்வார் என்றால் பாதி. தரமும் வேகமும் இருந்தால் முக்கால். பிறருக்குக் கற்றுத்தர முடியும் என்றால் முழுவதும்.

நீங்களே நிரப்பாதீர்கள். அந்த டைலரும் சூப்பர்வைசரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பட்டும். ஓவர்லாக்கில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்கா, "சின்ன வயசுல ஃபிளாட்லாக்தான் ஓட்டுனேன், அப்புறம் யாரும் கேக்கல" என்று சொல்வது இந்த மேஜையில்தான் வெளியே வரும்.

நிரப்பிய அட்டையில் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு ஆபரேஷனில் முக்கால் வட்டம் ஒரே ஒருவருக்கு மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போகும் நாள் குழு நிற்கும் நாள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் குறைந்தது மூன்று பேர் என்பது மூன்று மாத இலக்கு. பொதுவாகக் கழுத்து ரிப்பில்தான் இந்த ஓட்டை இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், வெட்டி மிஞ்சிய துணியில் பழகவிடுங்கள். அந்த அரை மணிக்கும் கூலி உண்டு.

படி 4: ஆட்களைச் சேருங்கள்

முதல் குழுவுக்கு விருப்பப்பட்டு வருகிறவர்களைக் கேளுங்கள். சிறந்த பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் மீதி வரிசைகள் சரியும், "அந்த ஆளுங்களை வெச்சா யாரு வேணா செய்யலாம்" என்ற பேச்சும் வரும். இரண்டு மூன்று தேர்ந்தவர்கள், ஏழெட்டு நடுத்தரம், இரண்டு பழகுநர் என்ற கலவை நல்லது.

ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்களை ஒரு தனிக் குழுவாகப் போடுவது சுலபமாகத் தோன்றும். செய்யாதீர்கள். தளம் இரண்டு ஊராகப் பிரிந்துவிடும். ஒரு ஒப்பந்தக்காரர் ஆளை மாற்றினால் முழுக் குழுவும் ஒரே நாளில் போய்விடும். கலந்து போடுங்கள், ஆனால் ஒரு மொழிக்காரர் ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள். குறைந்தது மூன்று பேராவது இருக்கட்டும். தவறுகளுக்குப் படம் போட்ட அட்டை வையுங்கள்: தையல் விட்டது, சுருக்கம், அளவு தவறு, எண்ணெய்க் கறை. விரல் வைத்துக் காட்ட மொழி வேண்டாம். பத்து வேலைச் சொற்களை இரு பக்கமும் கற்கட்டும். தமிழ்க்காரர்களும் இந்தியிலோ ஒடியாவிலோ பத்துச் சொல் கற்கும் இடத்தில் மரியாதை வளர்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 5: மெஷின்களை நகர்த்தும் நாள்

நேர் வரிசையை 'ப' வடிவமாக மாற்றப் போகிறீர்கள். துணி ஒரு முனையில் நுழையும், முடிந்த பீஸ் எதிர் முனையில் வரும். நடுவில் நிற்பவர் எல்லா மெஷினையும் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை, கீழே உள்ளவற்றை இதே ஒழுங்கில் செய்யுங்கள்:

1. தரையில் சாக்பீஸால் முழு வடிவத்தையும் வரையுங்கள். குழுவில் நாலு பேரை வரவழைத்து, சாக்பீஸ் கோட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கை எட்டுமா, முழங்கை இடிக்குமா என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.
2. வெளியேறும் வழியை அடுத்ததாக வரையுங்கள். எந்த ஸ்டூலிலிருந்து எழுந்தாலும் கதவு வரை தடையில்லாமல் நடக்க வேண்டும்.
3. மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் "வேலை நடக்கிறது" என்று அட்டை கட்டிவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து இணைப்பைக் கழற்றுங்கள்.
4. மெஷின்களை நகர்த்துங்கள். பெல்ட் கார்டு, விரல் கார்டு, கண் கார்டு கழன்றிருந்தால் மாட்டாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது.
5. வயர் மேலிருந்து இறங்க வேண்டும். தரையில் நீட்டு வயர் போட்டு "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று விடாதீர்கள்.
6. அயர்ன் மேஜையும் அதன் நீராவிக் குழாயும் நடைபாதையிலிருந்து விலகி இருக்கின்றனவா என்று பாருங்கள்.
7. கடைசியாக ஒருமுறை விளக்கை அணைத்து, அவசர விளக்கு வெளிச்சத்தில் கதவு வரை நடந்து பாருங்கள்.

இரண்டாவதையும் ஏழாவதையும் விட்டுவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு யூனிட்டில் இப்படி மெஷின்களை அழகாக மாற்றினோம். இடம் மிச்சமானது, மிச்சமான இடத்தில் பேக்கிங் அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது அவசரக் கதவு. ஒரு மாலை சுவிட்ச்போர்டில் புகை வந்தபோது நாற்பது பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

குறிப்பு: ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தருவது ஏற்றுமதித் தளங்களில் வழக்கம். குழு அமைத்த பிறகும் அது மாறக் கூடாது. அவசரத்தில் "நம்ம குழுவுக்குள்ளே பாத்துக்கலாம்" என்று ஒரு துண்டை விட்டால், அது ஏதோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் சட்டையில் இருக்கும்.

படி 6: நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுங்கள்

ஒரே தப்பு மூன்று பீஸில் வந்தால் குழுவில் யார் வேண்டுமானாலும் கையை உயர்த்தி வேலையை நிறுத்தலாம். பழகுநர் நிறுத்தினாலும் நிறுத்தம்தான். எல்லோரும் அந்த மெஷினுக்குப் போய், காரணம் கண்டு, சரிசெய்து, பிறகு தொடர வேண்டும்.

முதல் தடவை ஒருவர் கையை உயர்த்தும் நேரத்தில் நீங்கள் தளத்தில் இருக்க வேண்டும். என்ன முகத்தோடு போகிறீர்கள் என்று பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள். "எதுக்கு நிறுத்துன?" என்று கேட்டுவிட்டால், இனி யாரும் கை தூக்க மாட்டார்கள். "என்ன பாத்தீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்துக்கு உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். நல்ல குழுவில் முதல் மாதம் பதிவாகும் தவறுகள் கூடும். அமெரிக்க மருத்துவமனைகளில் 1990-களில் ஆய்வு செய்த ஏமி எட்மண்ட்சன், சிறப்பாக இயங்கிய குழுக்களே அதிகத் தவறுகளைப் பதிவு செய்திருப்பதைக் கண்டு முதலில் குழம்பிப்போனார். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, பயமின்றிச் சொன்னார்கள் என்பது பிறகு புரிந்தது. நோட்டில் எண்ணிக்கை ஏறுகிறது என்று இரண்டாவது வாரத்தில் குழுவைக் கலைத்துவிடாதீர்கள்.

படி 7: காலையில் பத்து நிமிடம்

மெஷின் ஓடத் தொடங்கும் முன், நின்றுகொண்டே. நேற்று எத்தனை, எங்கே தடங்கியது, இன்று யார் வரவில்லை, யார் எங்கே உட்காருகிறார்கள். குழுத் தலைவர் பேசுவார். மாதம் ஒருவர் என்று மாறட்டும். சூப்பர்வைசர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் அது கட்டளை நேரமாகிவிடும்.

ஒரு போர்டில் மணிக்கொரு முறை இரண்டு எண்: இலக்கு, தைத்தது. பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். "நூல் வரவில்லை 25 நிமிடம்" என்று எழுதியிருந்தால் அது ஸ்டோருக்கான வேலை. டைலரிடம் கேட்க ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் எழுதியதற்கு அன்று மாலைக்குள் பதில் சொல்லுங்கள். மூன்று நாள் பதில் இல்லாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கும்.

படி 8: சூப்பர்வைசரை அந்தரத்தில் விடாதீர்கள்

இந்த மாற்றத்தில் அதிகம் இழப்பதாக உணர்பவர் அவர். நேற்று வரை ஆள் மாற்றுவதும் பண்டல் பிரிப்பதும் அவர் கையில். இன்று குழுவே அதைச் செய்கிறது. அவருக்கு வேறு வேலையைத் தெளிவாகக் கொடுங்கள்: அடுத்த ஸ்டைலுக்கான நூல், லேபிள், மெஷின் செட்டிங் எல்லாம் முந்தின நாளே தயாராக இருப்பது, போர்டில் எழுதிய தடங்கல்களைத் தீர்ப்பது, வட்டங்களை நிரப்பப் பயிற்சி கொடுப்பது. ஸ்டைல் மாறும் நேரம் குறைந்தால் அவருக்கும் ஒரு ஊக்கத்தொகை இருக்கட்டும். "உங்க வேலை போகாது" என்று முதலாளி தன் வாயால், தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். மேனேஜர் மூலம் சொல்லி அனுப்பினால் அவர் நம்பமாட்டார்.

மூன்றாவது வாரம் சண்டை வரும்

கட்டாயம் வரும். புதிதாகக் கூடும் எந்தக் குழுவும் உரசலைத் தாண்டித்தான் ஒழுங்குக்கு வரும் என்று புரூஸ் டக்மன் 1965-லேயே எழுதிவிட்டார். வேகமாகத் தைப்பவர் மெதுவானவரைக் குத்திக்காட்டுவார். அதைக் குழுவே பேசித் தீர்க்க இரண்டு நாள் விடுங்கள்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. குழு ஊக்கத்தொகையில் ஒளிந்திருக்கும் உண்மையான ஆபத்து, சக தொழிலாளியே கங்காணியாக மாறுவது. காய்ச்சலோடு வந்தவர், மாதவிடாய் வலியில் இருப்பவர், கர்ப்பிணி, அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியவர், இவர்கள்மேல் "உன்னால எங்க காசு போகுது" என்ற பழி விழும். அதனால் தொடக்க நாளிலேயே விதியாகச் சொல்லுங்கள்:

- உடம்பு முடியாதவர் இருக்கும் நாளில் அவர் பங்கு அளவுக்கு இலக்கு குறையும். குறைப்பதற்குக் காரணத்தை அவர் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டியதில்லை.
- கழிவறைக்கும் தண்ணீருக்கும் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டாம்.
- ஒருவரை விலக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை.
- கெட்ட வார்த்தை, கை ஓங்குதல், தொடுதல் ஆகியவை குழுவுக்குள் பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல.

கடைசியில் சொன்னதற்குச் சட்டமும் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். தலைமையில் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உறுப்பினர்களின் பெயரையும் போன் எண்ணையும் தமிழிலும் இந்தியிலும், பெண்கள் தயங்காமல் நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். அலுவலக அறைக்குள் ஒட்டினால் யார் போய்ப் படிப்பார்கள்?

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அவசர ஷிப்மெண்ட் வந்ததும் குழுவிலிருந்து இரண்டு பேரைத் தூக்கி வேறு வரிசைக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஒரு நாள்தானே என்று தோன்றும். "இது எங்க குழு" என்ற எண்ணம் அந்த ஒரு நாளில் போய்விடும். முதல் மூன்று மாதம் இந்தப் பன்னிரண்டு பேரைத் தொடமாட்டேன் என்று மெர்ச்சண்டைசரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, கஷ்டமான ஸ்டைலோடு தொடங்குவது. முதல் ஆர்டர் ரவுண்ட் நெக் டீ-சர்ட்டாக இருக்கட்டும். பாக்கெட், ஜிப், ஹூட் எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு.

குழு சொன்ன யோசனையை மேனேஜர் தன் யோசனையாக முதலாளியிடம் சொல்வதும் நடக்கிறது. போர்டில் யோசனைக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயரை எழுதுங்கள், போதும்.

இரண்டாவது குழு

பன்னிரண்டாவது வாரம் அந்தப் பழைய நோட்டை எடுங்கள். ஸ்டைல் மாறும் நேரமும் பிரித்துத் தைக்கும் பீஸும் இறங்கியிருந்து, ஆட்களும் நின்றிருந்தால் இரண்டாவது குழுவைத் தொடங்கலாம். நல்ல பீஸ் மட்டும் கூடி, ஆள் வரத்து குறைந்திருந்தால் நிறுத்துங்கள்; யாரோ பிழியப்படுகிறார்கள். வராதவர்களின் வீட்டுக்கோ தங்கும் அறைக்கோ போய், அவர்களிடமே விசாரியுங்கள்.

தொடங்குவதானால் முதல் குழுவிலிருந்து இரண்டு பேரை மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, இரண்டாவதுக்கு அனுப்புங்கள். முழு வட்டம் நிரம்பியவர்களாக இருக்கட்டும். அவர்கள் இடத்துக்குப் புதிதாக வரும் இருவரை முதல் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். சார்ட் அட்டையில் அந்த இரண்டு பெயர்களையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.